மாப்பிள்ளையின் ஜீப்பும் நான் பூட்டிய டிராக் லிங்க்கும்

நான் பூட்டிய ஸ்டியரிங் திரும்பாமல் நின்றது என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையும் வண்டிக்குள் என் மகள் இருந்தாள். தேயிலைத் தோட்டத்து வேர்க்ஷொப்பில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து, அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம் ஹெட் மெக்கானிக்காக இருந்தவன் எழுதுகிறேன். வாகன வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் படிக்கட்டும். எனக்குப் பிரியாவிடை விழாவில் மாலை போட்டவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

1. உயரம்

என் மருமகன் தினேஷ் பலாங்கொடைப் பக்கம் ஜீப் ஓட்டுகிறார். எங்கள் தோட்டத்துக்கு மேலே இருக்கும் நீர்வீழ்ச்சியைப் பார்க்க கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள். நாங்கள் அங்கே விறகு பொறுக்கப் போன காலத்தில் யாரும் எங்களைப் படம் எடுக்கவில்லை. இப்போது படம் எடுக்கவென்றே வருகிறார்கள். அவர்களை ஏற்றி இறக்குவதுதான் மருமகனின் தொழில்.

வருகிறவர்களுக்கு மலை உயரமாக இருந்தால் போதாது, ஜீப்பும் உயரமாக இருக்க வேண்டும். மற்ற ஜீப்காரர்கள் எல்லாரும் உயர்த்திவிட்டார்கள். இவரும் புது ஸ்பிரிங் போட்டு நாலு அங்குலம் தூக்கி, டிராக்டருக்குப் போடுகிற மாதிரி டயர் மாட்டி, என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எப்புடி மாமா இருக்கு?"

"நல்லா இருக்கு மாப்ள. பரண் மாதிரி இருக்கு. ராவைக்கு ஏறி ஒக்காந்து காட்டுப்பன்னி வெரட்டலாம்."

சிரித்தார். பிறகு தலையைச் சொறிந்தார். "குழியில எறங்குனா ஸ்டியரிங் தானா திரும்புது மாமா."

திரும்பாமல் என்ன செய்யும்? ஸ்டியரிங் பெட்டி சேசிஸில், அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தில் இருக்கிறது. அதிலிருந்து பிட்மன் ஆர்ம் என்ற கை தொங்குகிறது. அந்தக் கையிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பிதான் டிராக் லிங்க். வண்டியைத் தூக்கினால் பெட்டி மேலே போய்விடும், சக்கரம் தரையிலேயே நிற்கும். ஏறக்குறையப் படுத்திருக்க வேண்டிய கம்பி, சுவரில் சாத்திய ஏணியாக நிற்கும். அப்புறம் ஸ்பிரிங் ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் கம்பி சக்கரத்தைத் தள்ளும். டிரைவர் ஒரு பக்கம் ஓட்டுவார், ரோட்டுக் குழி இன்னொரு பக்கம் ஓட்டும்.

2. மகான்கள்

பலாங்கொடையில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் நானாவிடம் போனோம். என்னைப் பல வருடமாகத் தெரிந்த மனுஷன். வழக்கத்தைவிட அதிகமாகக் கீழே வளைந்த பிட்மன் ஆர்ம் ஒன்றை மேசையில் வைத்தார்.

"இதப் பூட்டுங்க பாஸ். அரை மணித்தியால வேல. எல்லாரும் இதத்தான் கொண்டு போறாங்க."

"கொண்டு போனவங்க திரும்பி வந்தாங்களா நானா?"

"ஒருத்தராவது கொம்ப்ளெயின் பண்ண வரல்லயே."

"வர முடிஞ்சிருக்காது."

நானா நல்லவர், தேநீர் வாங்கிக் கொடுத்தார். அந்த ஆர்ம் கெட்ட சாமானும் இல்லை. ஆனால் அரை மணி நேரத்தில் யாரும் செய்கிற வேலையைச் செய்தால் ஹெட் மெக்கானிக்குக்கு என்ன மதிப்பு? நான் வேறு வழியைப் பிடித்தேன். டிராக் லிங்க்கின் முனையில் இருக்கும் குமிழ், சக்கரத்துக் கைக்குள் கீழிருந்து மேலே ஏறிப் பூட்டியிருக்கும். அதைக் கழற்றி மேலிருந்து கீழே இறக்கிப் பூட்டினால் கம்பியின் அந்த முனை உயரும், சாய்வு குறையும்.

சொல்ல லேசு. அந்தத் துளை ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் ஒடுக்கம்; மேலிருந்து இறக்கினால் குமிழ் அதில் உட்காராது. டிரில் போட்டு நேராக்கி, கிடைத்த போல்ட்டை மாட்டிவிடும் மகான்கள் உண்டு. அவர்கள் பூட்டிய வண்டிக்குப் பின்னால் போகாதீர்கள், முன்னாலும் போகாதீர்கள். நான் ரீமர் பிடித்துத் துளையை விரித்து, லேத்தில் சாய்வு புஷ் கடைந்து இறக்கினேன். ஓய்வு பெற்றபோது தோட்டம் எனக்கு ஒரு சுவர் மணிக்கூடும் ஒரு சால்வையும் தந்தது. ரீமர் எப்படி என் வீட்டுக்கு வந்தது என்று கேட்காதீர்கள்.

மூன்று நாள் வேலை. தினேஷ் பக்கத்திலேயே நின்றார், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார், இடையிடையே போனில் வெள்ளைக்காரன் ஒருவன் ஜீப் பூட்டும் வீடியோவைப் பார்த்தார். அதுவே எனக்குப் பாதி எரிச்சல்.

3. நல்ல நேரம்

மூன்றாம் நாள் காலை வேலை முடிந்தது. நட்டை இறுக்கி, அது கழன்றுவிடாமல் ஸ்ப்ளிட் பின் போட்டேன். முன்பக்கம் ஸ்டாண்டில் தூக்கியிருந்தது, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பார்த்தேன். எங்கும் தட்டவில்லை. லிங்க்குக்கும் சேசிஸுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருந்தது.

தினேஷ் குனிந்து பார்த்தார். "மாமா, பாரத்த ஏத்தி, ஸ்பிரிங்க நல்லா அமுக்கி, அதுக்கப்புறம் திருப்பிப் பாக்கணும்னு வீடியோவுல சொல்றான்."

"அந்த வீடியோக்காரன் கொழுந்து லொறி பூட்டியிருக்கானா மாப்ள?"

"இல்ல மாமா."

"நான் பூட்டியிருக்கேன்."

அத்தோடு பேச்சு முடிந்தது. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், லொறியில் உர மூட்டை அடுக்காமல் ஸ்டியரிங்கைச் சரி என்று சொன்னதற்காக வேர்க்ஷொப்பில் எத்தனையோ பேரைக் காது கூசத் திட்டியவன் நான். வீட்டில் உர மூட்டை இல்லை. நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது. என் மனைவி தேங்காயும் கற்பூரமுமாக வாசலில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தோம். பழம் நசுங்கியதா என்று குனிந்து குனிந்து பார்த்தவர்கள், லிங்க் எங்கே முட்டும் என்று பார்க்கவில்லை. தேங்காய் சரிபாதியாக உடைந்தது. அதற்கு மேல் என்ன டெஸ்ட் வேண்டும்?

4. மூன்றாம் முடக்கு

கீழே தேயிலை பெக்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் கோயிலுக்குப் போய்வருவதாகத் திட்டம். முன் சீட்டில் என் மகள் கலா. பின்னால் நானும் என் மனைவியும் எங்கள் லயத்து வீடுகளில் இருக்கும் பெண்கள் நாலு பேரும். கோயில் அன்னதானத்துக்கு இரண்டு அரிசி மூட்டையும் ஏறியது. மூட்டை நல்ல நேரத்துக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது.

முதல் இரண்டு முடக்கிலும் வண்டி வெண்ணெய் மாதிரித் திரும்பியது. நான் பின்னாலிருந்து, "எப்புடி?" என்று கேட்டேன். தினேஷ் ரோட்டையே பார்த்தபடி ஓட்டினார்.

மூன்றாவது முடக்கு செங்குத்து இறக்கத்தில் இடது பக்கம் திரும்புகிறது. இடப்பக்கம் மண்மேடு. நேரே போனால் பள்ளம், கீழே தேயிலை, அதற்கும் கீழே கல் ஓடை. தினேஷ் பிரேக் பிடித்தார். வண்டியின் மூக்கு தாழ்ந்தது. ஸ்டியரிங் பாதி திரும்பி, டக் என்று நின்றுவிட்டது.

எனக்கு அந்தச் சத்தம் புரிந்தது. ஆள் பாரமும் அரிசி பாரமும் இறக்கமும் பிரேக்கும் சேர்ந்து ஸ்பிரிங்கை அமுக்கி, நான் உயர்த்திப் பூட்டிய முனை சேசிஸின் கீழே போய்ச் சிக்கிக்கொண்டது. நாலு விரல் இடைவெளி எங்கே போனதென்று தெரியவில்லை. புரிந்தும் வாய் மட்டும் வேறு எதையோ கத்தியது.

"பிரேக்க அமுக்குங்க மாப்ள! நல்லா அமுக்குங்க!"

சரளைக் கல்லில் டயர் வழுக்கிக்கொண்டே போனது. பெண்கள் கத்தினார்கள். பள்ளத்தின் விளிம்பு பொனெட்டுக்கு அடியில் மறைந்தது. அந்த நேரத்தில் தினேஷ், கல்யாணம் கட்டி ஆறு வருடத்தில் முதல் தடவையாக, நான் சொன்னதைக் கேட்கவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

வண்டி முன்னால் பாய்ந்தது. என் மகளின் பின்னந்தலை எனக்கு முன்னே இருந்தது, அதை மட்டும்தான் பார்த்தேன். மூக்கு ஓர் அங்குலம் எழும்பியிருக்கும், லிங்க் விடுபட்டது. தினேஷ் ஸ்டியரிங்கை இழுத்து ஒடித்தார். ஜீப் இடது பக்க மண்மேட்டில் உரசி, ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் சக்கரத்தை விட்டு நின்றது. யாருக்கும் காயமில்லை. அரிசி மட்டும் கொஞ்சம் ரோட்டில் கொட்டியது.

5. ஒரு தடவை

எல்லாரும் இறங்கினோம். நான் மண்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"காலை எடுக்கணும்னு எப்புடி மாப்ள தோணுச்சு?"

"எங்க முட்டும்னு தெரியும் மாமா. காலையிலேயே குனிஞ்சு பாத்துட்டேன். அமுங்குனாதான் முட்டும். அதான் எழும்ப விட்டேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"ஒரு தடவ சொன்னேனே மாமா."

எங்கள் பக்கத்தில் மருமகன் மாமனாரிடம் எதையும் ஒரு தடவை சொல்லலாம். இரண்டாம் தடவை சொன்னால் வாய்க்கொழுப்பு. மூன்றாம் தடவை சொன்னால் லயம் முழுக்கப் பேச்சு. அந்த மனுஷன் ஒழுங்காக ஒரு தடவை சொல்லிவிட்டு, மரியாதை கெடாமல், தன் பொண்டாட்டியை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு மலை இறங்கியிருக்கிறார்.

கலா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். அவளுக்கு என் வாய்.

"ஒங்க மரியாதைய நீங்க ரெண்டு பேருமே வச்சுக்குங்க. நடுவுல என்னைய வெச்சு டெஸ்ட் பண்ணாதீங்க."

மறு வாரம் உர மூட்டை கடன் வாங்கி, ஸ்பிரிங்கை அமுக்கி, லிங்க் முட்டுவதற்கு முன்பே ஸ்பிரிங் நிற்கும்படி பம்ப் ஸ்டொப் ரப்பரின் உயரத்தைக் கூட்டினோம். எவ்வளவு கூட்ட வேண்டும் என்று தினேஷ்தான் அளந்தார். வேலை படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: தொங்கும் சக்கரத்தில் ஸ்டியரிங்கைப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். பாரம் ஏற்றிப் பாருங்கள். அனுபவம் உள்ளவர்கள் அவசரப்படும்போது பக்கத்தில் நின்று இரண்டாம் தடவையும் சொல்லுங்கள், திட்டினால் மூன்றாம் தடவையும் சொல்லுங்கள். முப்பத்தாறு வருட சர்வீஸ் எனக்குத்தான், லிங்க்குக்கு அது தெரியாது.

இப்போது வீட்டில் எந்த வண்டி பூட்டினாலும் கடைசியில் தினேஷைக் கூப்பிட்டு, "சரியா மாப்ள?" என்று கேட்கிறேன். ஆரம்பத்தில் பாவம், "சரிதான் மாமா" என்றுதான் இழுத்தார். போன மாதம் ஒரு வேன் வேலையில், கையைத் துடைத்துக்கொண்டே, "இல்ல மாமா, தப்பு. கழட்டுங்க," என்றார். எனக்குச் சுருக்கென்று பட்டது. கழற்றினேன்.