லாட்ஜ் வைத்தியர் கொடுத்த பம்பு

எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம் அது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டராக இருந்தேன். பத்திரிகை விளம்பரங்களைப் படித்து, என் ஆணுறுப்பு சிறியது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் லாட்ஜ் ஒன்றுக்கு மாதம் ஒருமுறை வரும் வைத்தியரிடம் போனேன். அவர் கண்ணாடிக் குழாய் வைத்த கைப்பம்பு ஒன்றைக் கொடுத்து, நீவி இழுக்கும் பயிற்சியும் சொல்லித்தந்தார். "மூணே மாசம். பொறவு ஆயுசுக்கும் அப்படியே இருக்கும்" என்றார்.

பம்பு அடித்தால் வீங்கும். குளித்துவிட்டு வருவதற்குள் பழையபடி ஆகிவிடும். நான் இன்னும் பலமாக அடித்தேன். மூன்றாம் மாதம் தோல் கன்றிக் கருநீலமாகி, சிறுநீர் கழிக்கவே வலித்தது. கூசிக்கொண்டே பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.

"ரத்தம் தேங்கி வீங்குதுய்யா, வளரல. செத்த நேரத்துல வடிஞ்சிரும். இந்தப் பம்பும் நீவுறதும் நிரந்தரமா பெருசாக்காது. ஒனக்கு ஒரு கொறையும் இல்ல" என்றார் டாக்டர்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைக் கொதிக்க வைத்தது; இல்லாத குறைக்கா அந்த வைத்தியர் என்னைப் புண்ணாக்கினார்! வைத்தியர் வரும் நாளில் லாட்ஜுக்குப் போனேன். "நீரு ஒழுங்கா அடிச்சிருக்க மாட்டீரு" என்றார். பம்பைத் தரையில் போட்டு உடைத்தேன். வெளியே பெஞ்சில் தலைகுனிந்து காத்திருந்தவர்களைப் பார்த்து, "எந்திரிச்சுப் போங்கலே! எனக்குப் புண்ணானதுதான் மிச்சம்!" என்று கத்தினேன். ஒருவர் மட்டும் எழுந்து போனார்.

கல்யாணம் நடந்தது, எங்களுக்குள் ஒரு குறையும் இருக்கவில்லை. அந்த வைத்தியன் அடுத்த மாதமும் அதே லாட்ஜில் கடை விரித்ததாகக் கேள்விப்பட்டேன். நான் போலீசுக்குப் போயிருக்கலாம். வெட்கப்பட்டுப் போகவில்லை. அந்த வெட்கத்தை நம்பித்தான் அவன் பிழைத்தான் என்று நினைத்தால், இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.