கதவு சாத்துன பிறகாவது சொல்லியிருக்கலாம்

போன வருஷம் தை மாசம், ஒரு காலை நேரம். உசிலம்பட்டி பக்கத்துல எங்க ஊர்ல அண்ணனுக்குத் திடீர்னு மூச்சுத்திணறல். ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம், வந்துருச்சு. அவருக்கு டி.பி.ன்னு நாலு நாள் முன்னாடிதான் தெரிஞ்சு, மாத்திரை ஆரம்பிச்சிருந்தோம். வெளியில யாருகிட்டயும் இதைப் பத்தி மூச்சு விடல. அண்ணன் மகளுக்குப் பரிசம் போட நாள் குறிச்சிருந்தோம், மாப்பிள்ளை வீடு அடுத்த தெருதான்.

வண்டியில வந்த நர்ஸ் சின்னப் பொண்ணு. ஏற்கெனவே ஏதும் நோய் இருக்கான்னு கேட்டுச்சு. சுத்தி அம்புட்டுச் சனம், மாப்பிள்ளையோட சித்தப்பா வேற நிக்கிறாரு. பழைய வீசிங்தாம்மான்னு வாய் கூசாமச் சொல்லிட்டேன்.

கதவு சாத்தியாச்சு. உள்ளே அண்ணன், நான், அந்தப் பொண்ணு மட்டும். ஏ.சி. ஓடுது. அப்பவாவது சொல்லியிருக்கலாம். பாதி வழியில இறக்கி விட்டுட்டா என்ன செய்யன்னு பயம். என் பேச்சை நம்பி அது ஆவி மருந்து வச்சுச்சு. அண்ணன் இருமித் தள்ளுறாரு, அது பக்கத்துலயே குனிஞ்சு முதுகைத் தடவி விடுது. அவருக்குக் காது மந்தம். பேசுறது புரியணுமேன்னு மாஸ்க்கைக் கீழ இறக்கிட்டுப் பேசுது. நானோ துண்டை மூக்கோட சேத்துக் கட்டிக்கிட்டு மூலையில உக்காந்திருந்தேன். தூசி ஒத்துக்காதான்னு கேட்டதுக்கும் ஆமான்னு தலையாட்டுனேன். சீ, என்ன மனுசன் நான்! செக்கானூரணி தாண்டி மதுரை வர்ற வரைக்கும் வாயே திறக்கல.

ஆஸ்பத்திரியில டாக்டர் என்ன மாத்திரை சாப்பிடுறாருன்னு கேட்டப்பதான் உண்மையைச் சொன்னேன், வழியில இறக்கி விட்டுருவாங்களோன்னு பயந்ததையும் சேத்து. அந்தப் பொண்ணும் பக்கத்துல நின்னுச்சு. திட்டல.

"சொல்லியிருந்தா இறக்கி விட்டுருக்க மாட்டோம்ணே. ஜன்னலைத் திறந்து வச்சு, அதுக்குன்னு இருக்க மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு கூட்டிட்டு வந்திருப்போம். அம்புட்டுத்தான்."

அப்புறம் ஓரமாப் போய் வீட்டுக்குப் போன் போட்டுச்சு. கைப்பிள்ளைக்காரி போல. டெஸ்ட் எடுக்கிற வரைக்கும் வீட்டுக்கு வரல, பிள்ளைக்குப் புட்டிப்பால் குடுங்கன்னு சொன்னது என் காதுல விழுந்துச்சு. பக்கத்துல போக எனக்குத் தைரியம் வரல.

அண்ணன் பிழைச்சுட்டாரு. கல்யாணமும் நடந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுல விஷயம் தெரிஞ்சப்போ, மருந்து சாப்பிட்டாச் சரியாப் போறதுதானேன்னு சாதாரணமா விட்டுட்டாங்க. இதுக்கா அந்தப் பொய்யின்னு எனக்கு மனசே ஆறல. அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் தெரியாது. விசாரிக்கிறது பெரிய காரியம் இல்ல. நோய் தொத்திருச்சுன்னு பதில் வந்துட்டா என்ன செய்வேன்னு பயந்துதான், இன்னைக்கு வரைக்கும் கேக்காமலே இருக்கேன்.