நிர்மலாவுக்குக் கிடைத்த அறை

கமலாம்பிகை பதினெட்டு வயதில் தனியே லண்டனில் வந்து இறங்கினாள். ஆங்கிலம் தெரியாமல் ஹோட்டல் அறை துப்புரவாக்கப் போனவள், சில வருடங்களில் ஒரு மாடி முழுவதற்கும் மேற்பார்வையாளர் ஆனாள். வேலையால் வந்த நாரிப்பிடிப்போடு, இடுப்பை நிமிர்த்த முடியாமல், இரவு வகுப்புக்குப் போய்ச் சோதனை பாஸ் பண்ணினாள். கம்பெனியின் எல்லா ஹோட்டல்களுக்குள்ளும் சிறந்த ஊழியர் என்ற பரிசையும் வென்றாள். இவ்வளவையும் அண்ணன் பாஸ்கரன் கிங்ஸ்பரியில் காண்பவர்களுக்கெல்லாம் சொல்லுவார். ஒன்றை மட்டும் சொல்லமாட்டார்: அவள் வென்றதெல்லாம் நிர்மலா என்ற பெயரில்.

நிர்மலா அவர்களுடைய பெரியப்பாவின் மகள். 1984இல் அவளுக்கு லண்டன் விசா கிடைத்தது. ஆனால் கலியாணம் முடித்து ஊரிலேயே நின்றுவிட்டாள். அவளுடைய பாஸ்போட்டில் தங்கையைக் கூப்பிடலாம் என்று யோசித்தவர் அப்போதே லண்டனில் இருந்த பாஸ்கரன்தான். "வந்தாப்பிறகு பேரை மாத்தலாம்" என்றார். வந்த பிறகு வேலை. வேலை கிடைத்த பிறகு பயம். ஏழு வருடம் போய்விட்டது.

பரிசு, கம்பெனியின் பழைய ஹோட்டல் ஒன்றில் இரண்டு இரவு. துணைக்கு ஒருவர் போகலாம். தேன் நிறக் கல்வீடுகள் உள்ள, பல நூற்றாண்டு பழைய கிராமம் அது. ஹோட்டல் ஒரு காலத்தில் துறவிகளின் மடமாக இருந்தது. வாசல் நிலை பதிவாக, தாழ்ந்திருந்தது. பாஸ்கரன் குனிந்துதான் உள்ளே போனார். அறையில் கணப்பு எரிந்தது. மேசையில் ஒரு கேக். அதன்மேல் ஐசிங்கில் நிர்மலாவின் பெயர்.

"சாப்பிடு பிள்ளை, உனக்குத்தானே தந்தவங்கள்."

"எனக்கில்லை அண்ணை. நிர்மலா அக்காவுக்கு. ஊருக்குப் பார்சல் பண்ணி விடுங்கோ."

படியில், சாப்பாட்டு மண்டபத்தில், தோட்டத்தில், எங்கேயும் "மிஸ் நிர்மலா" என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிந்தித்தான் திரும்பினாள். சனி காலை, அறை துப்புரவாக்க வந்த பெண் கதவைத் திறந்துவிட்டுச் சிரித்தாள். கமலாம்பிகை ஏற்கெனவே கட்டில் விரித்து, மூலைகள் மடித்து, குளியலறைகூடத் துடைத்திருந்தாள்.

"விருந்துக்கு வந்த இடத்திலையும் உனக்குக் கட்டிலோ?" என்று பாஸ்கரன் பகிடி பண்ணினார்.

"கட்டில் விரிக்கேக்கை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடேல்லை, அண்ணை. நிம்மதியாக் கிடந்தது."



ஞாயிறு புறப்படும்போது, விருந்தினர் புத்தகத்தில் நாலு வார்த்தை எழுதித் தரும்படி வரவேற்பில் கேட்டார்கள். அவள் பேனையைப் பிடித்தபடி நின்றாள்.

"நிர்மலா எண்டு போட்டிட்டு வா. கம்பெனி பாக்கும்" என்று பாஸ்கரன் காதோடு சொன்னார்.

"பாக்கட்டும்."

"விசா போயிடும். விசர்க்கதை கதையாதை."

"ஒரு இடத்திலையாவது நான் வந்து நிண்டனான் எண்டு இருக்கட்டும், அண்ணை."

புத்தகத்தை மூடிவிட அவர் கை நீட்டினார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

அடுத்த கிழமை அவள் குரோய்டனில் உள்ள குடிவரவு அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொன்னாள். வேலை போனது. பரிசும் நிர்மலாவோடு போனது. சொந்தப் பெயரில் விசா வர நாலு வருடம் பிடித்தது, அதையும் வென்றாள். ஆனால் அந்த அழகான அறையில், தான் போட்ட பெயருக்குள் தங்கை இரண்டு நாள் ஒளிந்திருந்ததை நினைத்தால் பாஸ்கரனுக்கு இன்றும் மனம் ஆறாது.

ஊரில் அவளுக்குக் கையெழுத்துப் போடும் தேவையே வந்ததில்லை. அதனால் அன்று அந்த விருந்தினர் புத்தகத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஆறுதலாக, முழுப்பெயரையும் எழுதினாள். கமலாம்பிகை முதன்முதலாகத் தன் பெயரில் கையெழுத்திட்ட நாள், 1991 ஒக்டோபர் 13.