காந்தத்துக்குப் பயந்த மங்கை அக்கா

"டேய் டென்னிசு, நீயே கீழ எறங்கி வா. டீ ஆறிக்கினு கீது!"

கிரேன் ஓட்டும் டென்னிஸ் மேலிருந்து எட்டிப் பார்க்கிறான். "இன்னாக்கா, முன்னாடிலாம் ஏணியாண்ட வந்து குடுப்பியே?"

"இப்ப ஆவாதுப்பா. எனக்கு உள்ள கம்பி கீது."

திருவொற்றியூரில் நான் வேலை பார்க்கும் பழைய இரும்பு யார்டில் ஒரு காந்தக் கிரேன் உண்டு. அது கீழே இறங்கினால் தகடு, சங்கிலி, உடைந்த அச்சு எல்லாம் தாவிப் போய் ஒட்டிக்கொள்ளும். கர்ப்பப்பைக்குள் காப்பர்-டி போன்ற ஹார்மோன் காயில் வைத்துக்கொண்ட நாளிலிருந்து மங்கை அக்கா அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. அது வெறும் பிளாஸ்டிக், தீக்குச்சியைவிடக் குட்டை என்று டாக்டரம்மா படம் வரைந்தே காட்டிவிட்டார். அக்கா மசியவில்லை. "அவங்க படிச்சவங்க, சொல்லுவாங்க. இந்தக் காந்தத்த அவங்க பாத்துகீறாங்களா?"

யார்டு கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் டீயும் இட்லியும் மீன் குழம்பும் விற்கிறாள். குழம்பில் உப்பு கம்மி என்று சொன்ன டிரெய்லர் டிரைவரிடமிருந்து தட்டையே பிடுங்கிக்கொண்டவள். தன் நோயையும் அதே குரலில்தான் ஊருக்குச் சொல்வாள். அடினோமயோசிஸ் என்ற பெயர் அவள் வாயில் 'அடினோ' ஆகிவிட்டது. "கர்ப்பப்பைக்கு உள்பக்கம் வளர்ற தோலு செவுத்துக்குள்ள பூந்துகிச்சாம். வூட்டு செவுத்துல ஓதம் ஏறுதே, அத்த மாரி." இட்லி தின்றுகொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவளுக்கென்ன வெட்கம்?

பக்கத்துத் தெரு ஜெரினாதான் துணிந்து கேட்டாள். "குடும்பக் கட்டுப்பாடு எப்பவோ பண்ணிகினியே, இப்ப இன்னாத்துக்கு இது?"

"புள்ள வாணாம்னு வெச்சது இல்லடி. நான் சாவாம இருக்க வெச்சது."

அவள் மிகைப்படுத்தவில்லை. காயில் வைப்பதற்கு முன் மாதத்தில் பாதி நாள் கட்டி கட்டியாக உதிரம் போகும். அடிவயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறு கையால் சட்னி ஊற்றுவாள். ஒரு நாள் வண்டியைப் பிடித்தபடியே சரிந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார் முதலில் பார்த்த டாக்டர். "ரெண்டு மாசம் அண்டா தூக்கக் கூடாதாம். அதுக்குள்ள என் எடத்துல வேற வண்டி நின்னுடும்" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. இடம் போவதைவிட ஆபரேஷன் கத்திக்குத்தான் அதிகம் பயந்தாள் என்று நினைக்கிறேன். பிறகு பார்த்த டாக்டரம்மா, இந்தக் காயிலை வைத்துப் பார்ப்போம், கேட்காவிட்டால் ஆபரேஷன்தான் என்றார்.

வைத்த பிறகும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரம் பட்டுக்கொண்டே இருந்தது. புதிதாக வந்த மருமகளைத் திட்டுவதுபோல அக்கா அந்தக் காயிலைத் திட்டித் தீர்த்தாள். மூன்றாவது மாதம் பொறுமை போய், என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். "இத்தப் புடுங்கிப் போடு டாக்டரம்மா. ஒரே பேஜாரு!"

"வேணாம்னா இப்பவே எடுத்துடறேன், உங்க இஷ்டம். ஆனா ஆரம்பத்துல இப்படித்தான் இருக்கும். இன்னும் கொஞ்ச நாள் பாருங்களேன்" என்றார் டாக்டரம்மா. அக்கா முணுமுணுத்துக்கொண்டே திரும்பினாள்.

அப்புறம் அந்தப் பேச்சையே காணோம். நோயை ஊரறியச் சொன்னவள், குணமாவதை மட்டும் மூடி மறைத்தாள். கண் பட்டுவிடுமாம்! டிரைவர்களோடு பழையபடி மூச்சு வாங்காமல் சண்டை போட ஆரம்பித்ததை வைத்துத்தான் நான் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, "சும்மா இரு, வாய வெக்காத" என்று அடக்கிவிட்டாள்.

போன வாரம் மறுபடி காட்டப் போனோம். பரிசோதனை மேசையில் படுத்து, விசிறியையே முறைத்துக்கொண்டிருந்தாள். ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனையையும் பார்த்த டாக்டரம்மா நிமிர்ந்தார்.

"வீக்கம் குறைஞ்சிருக்கு, ரத்த அளவும் ஏறியிருக்கு. ஆபரேஷன் பேச்சே இப்போ வேணாம்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கையுறையை எடுத்தார். "அன்னிக்கு அவ்வளவு சண்டை போட்டீங்களே. என்ன, எடுத்துடலாமா?"

மங்கை அக்கா முழங்கால் இரண்டையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு, எட்டி டாக்டரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.