ஐந்தாவது துணுக்கு

மெழுகக்கா என்னைவிட நான்கு வயது சின்னவர். இருந்தாலும் எனக்கும் அக்காதான். முதலாளியிலிருந்து தரை துடைக்க வருகிறவர்வரை அந்தப் பரிசோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. மெழுகோடு மாரடிப்பதால் மெழுகக்கா. நான் அங்கே டைப்பிஸ்ட். டாக்டரம்மா சொல்லச் சொல்ல ரிப்போர்ட் அடிப்பது என் வேலை. நாள் முழுக்க முணுமுணுப்பதும் என் வேலைதான் என்று அக்கா சொல்வார். சம்பளம் என்னவோ ஒன்றுக்குத்தான்.

ஆஸ்பத்திரிகளில் வயிற்றிலிருந்தும் மார்பிலிருந்தும் கழுத்திலிருந்தும் கிள்ளி எடுக்கிற சதைத் துணுக்குகள் சின்னச் சின்ன பாட்டில்களில் எங்களிடம் வரும். அக்கா அவற்றை மெழுகுக்குள் பதித்து ஒரு பிளாக் செய்வார். பிளாக்கை இயந்திரத்தில் பூட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிச் சீவுவார். ஒரு சீவல், தலைமுடியின் கனத்தில் இருபதில் ஒரு பங்கு இருக்கும். அதை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் பிரிந்ததும் கண்ணாடி ஸ்லைடை அடியில் கொடுத்து அள்ளி எடுப்பார். சாயம் ஏற்றிய பிறகு டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்த்து, புற்றுநோயா இல்லையா என்று சொல்வார். மற்றதெல்லாம் நான் அடிக்கிற எழுத்துதான்.

இதில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. ஒருவருடைய பிளாக் முடிந்து அடுத்தவருடையதை எடுப்பதற்கு முன்னால் தண்ணீரின் மேற்பரப்பை டிஷ்யூ பேப்பரால் வழித்துவிட வேண்டும். வழிக்காவிட்டால் முந்தினவர் சதையில் ஒரு பொடி தண்ணீரிலேயே தங்கி, அடுத்தவர் ஸ்லைடில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். யாருக்கோ இருக்கிற நோய் இன்னொருவர் தலையில் விடியும். அக்கா பத்தொன்பது வருஷமாக வழித்துக்கொண்டிருந்தார். வழித்து வழித்து அது கையோடு ஒட்டிப்போய், கேன்டீனில் டீ குடிக்கப் போனாலும் மேஜையை ஒரு தரம் வழித்துவிட்டுத்தான் டம்ளரை வைப்பார். வீட்டில் வெங்காயம் நறுக்கினால் அவருடைய இரண்டு பெண்களும் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, "ரிப்போர்ட் என்னம்மா?" என்று கேட்பார்களாம். மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருக்கும் கணவர், "என்னை மட்டும் வெட்டிப் பார்த்துடாதே" என்பாராம்.

இத்தனை வருஷத்தில் அவர் ஒரு நோயாளியையும் முழுசாகப் பார்த்ததில்லை. எல்லோரையும் துணுக்கு துணுக்காகத்தான் பார்த்திருக்கிறார். அதுவே நல்லது என்பார். முகத்தைப் பார்த்தால் கை நடுங்கும் என்பது அவர் கட்சி.

ஒரு புதன்கிழமை மதியம் டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டார். நானும் கூடவே போனேன். கூப்பிடாத இடத்துக்குப் போவதில் எனக்குக் கூச்சமில்லை.

"அக்கா, இந்த வயித்து பயாப்ஸி நேத்து நீங்க வெட்டினதுதானே? நாலு துணுக்கு சுத்தமா இருக்கு, வெறும் புண்ணு. அஞ்சாவது ஒண்ணு ஓரமா தனியா நிக்குது. அது கேன்சர். இதுக்கு முன்னாடி என்ன பிளாக் வெட்டுனீங்க?"

அக்கா நோட்டைப் புரட்டினார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"வயிறுதான் மேடம். ஆபரேஷன்ல எடுத்தது. கேன்சர்."

"தண்ணியை வழிச்சீங்களா?"

"வழிப்பேன் மேடம்."

"வழிப்பீங்கன்னு எனக்குத் தெரியும். வழிச்சீங்களா?"

அக்கா மறுபடி நோட்டைப் பார்த்தார். வழித்ததையெல்லாம் அதில் எழுதுவதில்லை. வழிக்காத நாள் ஒன்று இருந்திருந்தால் வழித்த நாள் நினைவில் நின்றிருக்கும். எல்லா நாளும் ஒரே மாதிரி வழித்தவரிடம் போய், செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வழித்தாயா என்று கேட்டால் அவர் எங்கே போவார்?

அதே பிளாக்கை மறுபடி வெட்டினார். இந்த முறை நான்கு துணுக்குகள்தான் இருந்தன, நான்கும் சுத்தம். அப்படியானால் ஐந்தாவது மிதந்து வந்ததுதான் என்று நான் தீர்ப்பே சொல்லிவிட்டேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அது அத்தனை சின்னத் துணுக்காம். முதல் சீவலிலேயே முழுக்கத் தீர்ந்தும் போயிருக்கலாமாம். சரி, பாட்டிலில் வந்தபோது எத்தனை இருந்தது? பதிவைப் பார்த்தோம். "சில துணுக்குகள்" என்று இருந்தது. அடித்தவன் நான். பாட்டிலைத் திறந்து பார்த்தவர் 'சில' என்று சொன்னார், நானும் 'சில' என்று அடித்தேன். எண்ணிச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் என் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்? அன்று என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

அதிலிருந்து அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை. செவ்வாய்க்கிழமையைத் திரும்ப நடத்திப் பார்க்க ஆரம்பித்தார். இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, கையைச் சும்மா சுற்றி, நிறுத்தி, என்னைப் பார்ப்பார்.

"அண்ணா, செவ்வாய் காலையில கரண்ட் போச்சுல்ல?"

"அது திங்கள். செவ்வாய் கரண்ட் இருந்துச்சு, நெட்தான் இல்லை."

"அப்போ சின்னவ போன் பண்ணது? சாவியைக் காணோம்னு?"

"அது போன வாரம்க்கா. சாவி உங்க பையிலயே இருந்துச்சு."

"அது வேற சாவிண்ணா."

இப்படியே இரண்டு நாள். அவர் குழம்பியது போதாதென்று என்னையும் குழப்பினார். செவ்வாய்க்கிழமை நான் என்ன செய்தேன் என்று யோசித்தால் எனக்கே எதுவும் நினைவில்லை. மதியம் சாப்பிட்டேனா என்றுகூடச் சந்தேகம் வந்தது. குப்பைத் தொட்டியில் கிடக்கும் டிஷ்யூக்களை எண்ணிப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னேன். குப்பையை அன்றன்று எடுத்துப் போய்விடுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை அந்த நோயாளியே வந்துவிட்டார். லிஃப்ட் மெக்கானிக். சட்டைப்பையில் டெஸ்டர், கையில் கழுவியும் போகாத கிரீஸ். பக்கத்தில் மனைவி. லேப் தண்ணீரில் வேறொருவர் சதை கலந்திருக்கலாம், தண்ணீரை வழித்தார்களா என்று தெரியவில்லை, ரிப்போர்ட் வரட்டும் என்று சர்ஜன் சொன்னாராம். நேராக எங்கள் ஜன்னலுக்கு வந்து நின்றார்கள். நான் அக்காவைத் தடுத்தேன். அவர் கேட்காமல் எழுந்து வந்து, வெட்டியது நான்தான் என்றார்.

"தண்ணியில வேற யாரோடதோ கலந்துடுச்சுன்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று மனைவிதான் முதலில் ஆரம்பித்தார். "அப்போ இவருக்கு ஒண்ணுமில்லைதானே? கலந்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. உங்க மேல நாங்க கேஸ் கீஸ் எதுவும் போட மாட்டோம். சத்தியமா."

"நீ கொஞ்சம் சும்மா இரு" என்றார் மெக்கானிக். பிறகு அக்காவிடம், "தினமும் வழிப்பீங்களாம்மா?"

"ஒவ்வொரு பிளாக்குக்கும் வழிப்பேங்க."

"அப்போ ஞாபகம் இருக்காது. நானும் லிஃப்ட் கயித்தைத் தினமும் தொட்டுப் பார்க்கறேன். போன வாரம் இந்தக் கட்டடத்துல பார்த்தியான்னு கேட்டா முழிப்பேன். அதனாலதான் கார்டு தொங்கவிட்டு, பார்த்ததும் கையெழுத்துப் போடறோம்." டெஸ்டரைச் சட்டைப்பைக்குள் அழுத்தி வைத்துக்கொண்டார். "தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க அன்னைக்கு வழிக்காம விட்டிருந்தா நல்லா இருக்கும்மா."

அக்கா தலையை ஆட்டினார். அவர்கள் போன பிறகும் ஆட்டிக்கொண்டே நின்றார்.

உள்ளே வந்து என் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்தார். "அண்ணா, நான் வழிக்கலைன்னு சொல்லிடட்டுமா? சொன்னா மேடம் சுத்தம்னு ரிப்போர்ட் குடுத்துடுவாங்க. அந்த அம்மா முகத்தைப் பார்த்தீங்கல்ல?"

"சொல்லிடுங்க" என்றேன். "எல்லாருக்கும் நிம்மதி. முதலாளி ரெண்டு நாள் கத்துவார், அவ்வளவுதானே?"

இப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று அது பெரிய உபகாரம் என்றுதான் தோன்றியது. பாவம், ஒரு மனுஷன் பிழைத்துப் போகட்டும். அக்கா அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நகத்து இடுக்கில் இருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து டாக்டரம்மா அறைக்குப் போனார். நான் கதவோரம் நின்றேன்.

"மேடம், எனக்குத் தெரியலை."

"என்ன தெரியலை? யோசிச்சுச் சொல்றேன்னுதானே போனீங்க. வழிச்சேன்னு சொன்னா ஒரு ரிப்போர்ட், வழிக்கலைன்னு சொன்னா ஒரு ரிப்போர்ட். தெரியலைன்னா நான் எதை எழுதறது?"

"தெரியலைன்னே எழுதுங்க மேடம். வழிச்சேன்னு சொன்னாலும் பொய்யாகலாம், வழிக்கலைன்னாலும் பொய்யாகலாம். மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அவரும் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். கடைசியில் சொன்னார், நான் அடித்தேன்: முடிவு கூற இயலவில்லை, மறுபடி பயாப்ஸி எடுத்து அனுப்பவும். முதலாளிக்கு மூக்குக்கு மேல் கோபம். "பத்தொன்பது வருஷ சர்வீஸ்! தெரியலையாம்!" என்று மாடிப்படியில் ஏறும்போது ஒரு தரம், இறங்கும்போது ஒரு தரம் சொன்னார். துணுக்கு எடுக்க அந்த மெக்கானிக் திரும்பவும் குழாயை விழுங்க வேண்டும். அவர் மனைவி என்னைத் திட்டியிருப்பாரோ, அக்காவைத் திட்டியிருப்பாரோ, இரண்டு பேரையுமே திட்டியிருப்பார்.

பன்னிரண்டு நாள் ஆனது அடுத்த பாட்டில் வர. அந்தப் பன்னிரண்டு நாளும் அக்கா கும்பிட்ட கும்பிடு விநோதமானது. தான் தப்புச் செய்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். கணவரிடம் சொன்னாராம். அவர் மிக்ஸி மூடியைக் கையில் பிடித்தபடி, "வேலையில தப்பு நடந்திருக்கணும்னு சாமி கும்பிடற ஆளை இப்பத்தான் பார்க்கறேன்" என்றாராம். பத்தொன்பது வருஷமாக ஒரு தப்பு வந்துவிடக் கூடாது என்று பயந்தவர், இப்போது ஒரே ஒரு தப்புக்காக ஏங்கினார். அது சரியா என்று என்னைக் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? சரி போலவும் இருந்தது, அபத்தமாகவும் இருந்தது.

புது பாட்டில் வந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டார். துணுக்குகளை வெள்ளைக் காகிதத்தில் வைத்து, சத்தமாக எண்ணினார். எட்டு. நானும் எண்ணினேன். எட்டு என்று எண்ணிலும் எழுத்திலும் அடித்தேன். மறுநாள் காலை தொட்டியைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றி, புது பிளேடு போட்டு, வேறு எந்த பிளாக்கையும் தொடுவதற்கு முன்னால் இதை வெட்டினார். இந்த முறை யாருடைய சதையும் மிதந்து வர வழியில்லை.

டாக்டரம்மா வெகுநேரம் பார்த்தார். பழைய ஸ்லைடை எடுத்து வைத்துப் பார்த்தார், மறுபடி புதுசை வைத்துப் பார்த்தார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எட்டுல ரெண்டுல இருக்கு. அன்னைக்குப் பார்த்த அதே செல்லுங்கதான். அந்த அஞ்சாவது துணுக்கும் இவரோடதுதான்க்கா. உங்க மேல தப்பில்லை." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஆரம்பம்தான், ஆபரேஷன் பண்ணிடலாம். நீங்க அன்னைக்கு வழிக்கலைன்னு சொல்லியிருந்தா நான் இவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார்.

சொல்லிடுங்க என்று சொன்ன வாய் இது. அக்கா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அதற்கு நான் இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து, "பத்தொன்பது வருஷம், ஒரு தப்பு கிடையாது! நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றார். அவர் அன்றைக்குச் சொன்னது என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்கா சுவரைப் பார்த்து நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்து முதலாளி எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டார்.

"அன்னைக்கு வழிச்சேனான்னு இப்பவும் ஞாபகம் வரலைண்ணா" என்று என்னிடம் மட்டும் சொன்னார். டீயை அவர் குடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் வந்தார். ஆபரேஷனுக்கு முன்னால் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட ஸ்லைடுகளும் பிளாக்கும் வேண்டுமாம். இந்த முறை தனியாக வந்திருந்தார். சட்டைப்பையில் டெஸ்டர் இல்லை. கொடுப்பது என் வேலை, ஆனால் அக்காவே எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கி, பஞ்சு வைத்து, ஜன்னல் வழியே நீட்டினார்.

அவர் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"அப்போ அன்னைக்கு நீங்க வழிச்சிருக்கீங்க" என்றார்.

"வழிச்சிருக்கேன் போலங்க" என்றார் அக்கா. "மன்னிச்சிருங்க."