விசில் நின்ற காலை

நடக்க முடியாத நோயாளியைத் தேயிலைத் தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. தோட்ட மேலாளரான துரையின் அனுமதி கிடைத்த பிறகே அனுப்ப வேண்டும் என்பதும் அதே விதிதான்.

நேற்று என் பேத்தியின் மூச்சைக் கேட்ட டாக்டர், "சளி சத்தம் போட்டால் மருந்து கொடுங்க ஐயா. மூச்சுத்திணறல் இருந்தும் சத்தமே இல்லாமல் போனால் உடனே ஓடி வாங்க," என்றார். எனக்குச் சிறு வயதில் ஹட்டனுக்கு மேலே, தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்றாக இருந்த எங்கள் லயம் நினைவுக்கு வந்தது.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலித்தவர். அவர் துப்பும் சளி கறுத்து, பசை போல இழுபடும். நெஞ்சு எப்போதும் விசில் அடிக்கும். "மாமா, ஒங்களுக்கு முன்னாடி ஒங்க இருமல் பெரட்டுக்கு வந்திருது," என்று பக்கத்து அறைக் காம்பராக்காரர், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் கேலி செய்வார்.

ஒரு மார்கழியில் அப்பாவால் படுக்கவே முடியவில்லை. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட மருந்தையா லொறி கேட்டுத் துரைக்கு எழுதினார். பதில் வருமுன் ஒரு காலையில் விசில் நின்றது.

"சத்தம் அடங்கிருச்சுங்க ஐயா, சாமி கண்ணத் தொறந்திருச்சு," என்றாள் அம்மா.

மருந்தையா வாசலில் நின்றபடியே காது கொடுத்தார். "சளி கரைஞ்சிருச்சு. இனி லொறிக்கு அவசரமில்ல."

சளி கரையவில்லை, இறுகி மூச்சுக்குழாய்களை அடைத்திருந்தது. காற்று போனால்தானே சத்தம் வரும்? அப்பாவின் உதடு நீலமானது. "குளிருது போல," என்று அம்மா கம்பளியை இழுத்துப் போர்த்தி, எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னாள்.

மறுநாள் தேயிலை மலையில் அவரைப் புதைத்தோம். லொறியை அனுப்பலாம் என்ற துரையின் பதில் தைப்பொங்கலுக்கு மறுநாள் வந்தது.