சாமி விளக்குக்கு நான் இழுத்த ஒயர்

மலேசியாவில் பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்துக் கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், வேலையாட்களின் லயத்து வீட்டில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் கட்டியதையெல்லாம் சொல்கிறேன், கேளுங்கள். ஈப்போவில் ஒரு பட்டறை கட்டினேன். இடம் சதுப்பு, தூண் நிற்காது என்றார்கள், இன்றும் நிற்கிறது. அந்தப் பட்டறையில் பள்ளிக்கூட பஸ்களுக்கு உடம்பு கட்டினேன். இரவுச் சந்தை வியாபாரிகளுக்குக் கடை லாரி கட்டினேன், பக்கவாட்டுக் கதவைத் தூக்கினால் அதுவே கூரையாக நிற்கும்படி. கோயிலுக்கு ரதம் ஏற்றும் வண்டி கட்டினேன். ‘கித்தாப் பால் வாளி தூக்கின பய இவன்’ என்று சிரித்த, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியின் மகனே பிற்பாடு தன் காரைத் தள்ளிக்கொண்டு என் பட்டறை வாசலில் வந்து நின்றான். எல்லாவற்றுக்கும் கடைசியாக, சக்கரம் வைத்த ஒரு வீடு கட்டினேன்.

மோட்டார்ஹோம் என்று என் மாப்பிள்ளை சொல்வார். எனக்கு அது வீட்டு வண்டி. ஓடி ஓய்ந்த பள்ளிக்கூட பஸ் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்தேன். ஊர் சுற்றும் ஆசையில் இல்லை. என் மனைவிக்கு நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாய் போட்டு ஆக்சிஜன் மெஷினோடு வாழ்கிறாள். மெஷின் சுவரில் செருகினால்தான் ஓடும். அந்த ஒயர் எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவுதான் அவள் உலகம் என்று ஆகிவிட்டது. சித்தியவானில் இருக்கும் தன் தங்கச்சியோடு கடற்கரையில் உட்கார்ந்து ஒரு மத்தியானம் சோறு சாப்பிட வேண்டும் என்று கேட்டாள். வேறு எதுவும் அவள் என்னிடம் கேட்டதில்லை.

கரண்ட் வேலையை மட்டும் மாப்பிள்ளையிடம் விட்டேன். அவர் படித்துப் பாஸ் பண்ணின எலெக்ட்ரீஷியன். வேலையை முடித்துவிட்டு என்னை உள்ளே உட்காரவைத்துப் பாடம் எடுத்தார்.

“மாமா, முன்னால இருக்குற பேட்டரி இன்ஜினுக்கு. கட்டிலுக்கு அடியில இருக்குற ரெண்டும் வீட்டுக்கு. அது பன்னண்டு வோல்ட். லைட்டு, பேன், தண்ணி பம்ப் அதுலயே ஓடும். அத்தை மெஷினுக்கு வேண்டியது வீட்டுக் கரண்ட், எரநூத்தி நாப்பது. அதுக்குத்தான் இந்த இன்வெர்ட்டர். பேட்டரி கரண்ட்ட வீட்டுக் கரண்டா மாத்திக் குடுக்கும்.”

“வெளியில ஒரு நீல பிளக் வச்சிருக்கீங்களே?”

“அதுல ஒயர மாட்டி வெளிக் கரண்ட்ட குடுத்தா எல்லாம் ஓடும், பேட்டரியும் சார்ஜ் ஆகும். இன்ஜின் ஓடும்போதும் கொஞ்சம் ஏறும். ரெண்டும் இல்லாம சும்மா நின்னா பேட்டரியில இருக்குறதுதான். சட்டியில உள்ள சோறு மாதிரி.”

“நாலு சாக்கெட் இருக்கேலா மாப்ள?”

“நாலு கரண்டி போட்டா சோறு கூடுமா மாமா?”

என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று இருந்தது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஒயர் இழுத்தே நரைத்தவனுக்கு இவர் சோற்றை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்.

கடைசியாக ஒரு சிவப்புத் திருகைக் காட்டினார். அதுதான் மெயின் சுவிட்ச். “வண்டிய நிறுத்துனா இத அடைச்சிடுங்க. அடைச்சிட்டா பத்து நாள் நின்னாலும் சார்ஜ் எறங்காது. அப்புறம் அத்தை மெஷின் மத்தியானத்துலருந்து பொழுது சாயுற வரைக்கும் ஓடும். நான் கேரண்டி.”

அந்தத் திருகுதான் எனக்குப் பிடிக்கவில்லை. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஒரு சின்னப் பலகை அடித்துச் சாமி படம் வைத்து, சிவப்பு விளக்கும் போட்டிருந்தேன். மெயினை அடைத்தால் அதுவும் அணைந்தது. எங்கள் வீட்டிலும் பட்டறையிலும் சாமி விளக்கு ராத்திரி பகல் அணைவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் சின்னப் பையனாக இருந்தபோது லயத்துக்குக் கரண்ட் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்து வரும். சாயங்காலம் கொடுப்பார்கள், அவர்களுக்குத் தோன்றிய நேரத்தில் நிறுத்துவார்கள். சாமி கும்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இருண்டுபோகும். என் வீட்டில் சாமி விளக்கை இன்னொருவன் கை அணைக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன்.

மாப்பிள்ளை போன பிறகு, அந்த விளக்கைக் கழற்றிவிட்டு ஒரு வேனின் பிரேக் விளக்கு பல்பை எடுத்தேன். அதுவும் பன்னிரண்டு வோல்ட்தானே. சிவப்பு மூடி போட்டு, பேட்டரியிலிருந்து நேராக, அந்தத் திருகைத் தொடாமல் ஒயர் இழுத்தேன். பட்டறையில் பண்ணுவதுபோலவே இரண்டு முனையையும் முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினேன். பியூஸ் போடவில்லை. மெயினை அடைத்தேன், எல்லாம் அணைந்தது, சாமி விளக்கு மட்டும் எரிந்தது. எனக்கு ஒரே பெருமை. யாரிடமும் சொல்லவில்லை.

பிரேக் பல்பு பேட்டரியைக் காலிபண்ணி எந்த வண்டியையும் படுக்கப்போட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அது பிரேக்கில் காலை வைத்தால் எரியும், காலை எடுத்தால் அணையும். பத்து நாள் இரவும் பகலும் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தவன் நான். அன்று எனக்கு இது உறைக்கவில்லை.

பத்தாம் நாள் காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினோம். மாப்பிள்ளை வேலை முடித்துத் தன் காரில் பின்னால் வருவதாக ஏற்பாடு. பேட்டரி மீட்டரில் சிவப்பு எரிந்தது. ஓட ஓட ஏறும் என்று நினைத்தேன். ஏறவும் செய்தது, சித்தியவானில் கொழுந்தியாளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போய்ச் சேரும்போது மீட்டர் பச்சை. ஓடி வந்த சூட்டில் பேட்டரி காட்டும் பச்சையை நம்பக் கூடாது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

வண்டியைக் காற்றாடி மரத்து நிழலில் நிறுத்தினேன். மனைவி கதவோரம் உட்கார்ந்து கடலைப் பார்த்தாள். மெஷின் ஓடியது. தங்கச்சி, தான் கொண்டுவந்த மீன் குழம்பைத் திறந்தாள்.

“அத்தான், இது நெசமாவே நீங்க கட்டுனதா?”

“ஆணி அடிச்சதுலருந்து எல்லாம் நான்தான்லா.”

“கரண்ட்டு மாப்ள,” என்றாள் மனைவி. “பாதிப் புகழ அவருக்கும் குடுங்க.”

பாதிச் சோறுகூட இறங்கியிருக்காது. இன்வெர்ட்டர் கீ என்று கத்தியது. மெஷின் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் விட்டு நின்றது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிளக்கைப் பிடுங்கி அடுத்த சாக்கெட்டில் குத்தினேன். அதிலும் இல்லை. மூன்றாவதில் குத்தினேன். நான்காவதில் குத்தினேன். கரண்டியை மாற்றி மாற்றிக் காலிச் சட்டியைச் சுரண்டினேன். மனைவியின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. அவள் என் சட்டையைப் பிடித்திருந்தாள், பேச்சு வரவில்லை. அந்த நேரத்தில் என் கண் சாமி பலகை மேல் போனது. விளக்கு கங்கு மாதிரி மங்கலாக எரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் மெஷினுக்கு இல்லாத கரண்ட் அதற்கு இருந்தது.

கொழுந்தியாள்தான் இறங்கி ஓடினாள். பக்கத்தில் மீன் சுட்டு விற்கும் மலாய் அம்மாளிடம் எங்கள் வண்டிப் பக்கம் கையைக் காட்டி அழுதாள். மக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. தன் கடை ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நீட்டு ஒயரை எங்கள் கதவு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தாள். மெஷின் ஓடியது. உதட்டில் நிறம் திரும்பியது. மக்சிக்கின் ஐஸ் கரைந்து தார்ச் சடக்கில் ஓடியது.

மாப்பிள்ளை வந்து இறங்கியதும் கொழுந்தியாள் பிடித்துக்கொண்டாள்.

“என்ன படிச்சீங்க நீங்க? எங்க அக்காவ கொல்லப் பாத்தீங்களே! கேரண்டின்னு சொன்னீங்களாமே!”

அவர் கட்டிலைத் தூக்கி அடியில் பார்த்தார். கறுப்பு டேப் சுற்றின என் முடிச்சைத் தொட்டார். ஒயர் போகும் வழியைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போய் சாமி பலகையில் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். முடிச்சை அவிழ்த்து, டேப்பை உருட்டித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“என் தப்புதான் சின்ன அத்தை. நான் ஒருக்கா செக் பண்ணியிருக்கணும்.”

மாப்பிள்ளை என்றால் நாம் எழுந்து நின்று நாற்காலி போடுகிற உறவு. அவர் பெண் வீட்டார் முன்னால் தலையைக் குனிந்து நின்றார். நான் மரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு, “பரவாலலா, விடுங்க,” என்றேன். நான் மன்னிக்கிறவன் மாதிரி! அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை.

வீடு வந்து சேர்ந்த பிறகு என் மனைவி அந்த வண்டியில் ஏறவில்லை. “மாப்ள கை வச்ச கரண்ட்ட நம்பி நான் வாசப்படி தாண்ட மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். அவர் வீட்டுக்கு வந்தால் காபி கொடுப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். மகள் இரண்டு பேருக்கும் நடுவில் தவித்தாள். அவரோ என் ஒயரைப் பற்றி வாயைத் திறக்கவே இல்லை. வண்டி வாசலில் நின்று தூசி பிடித்தது. கடைசியில் அவளே சொன்னாள்: வித்துடுங்க.

போன மாதம் தைப்பிங்கிலிருந்து ஒருவர் வண்டி பார்க்க வந்தார். தட்டிப் பார்த்தார், திறந்து பார்த்தார், நன்றாக இருக்கிறதே என்றார்.

“இவ்வளவு சுத்தமா ஒயரிங் யாரு பண்ணது அண்ணே?”

வராந்தாவில் குழாயோடு உட்கார்ந்திருந்த என் மனைவி முந்திக்கொண்டாள். “எங்க மாப்ள. அதனாலதான் விக்கிறோம்.”

அந்த மனிதர் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சுட்டுவிட்டது மாதிரி. யாரோ ஒரு தைப்பிங்காரர் முன்னாலும் மாப்பிள்ளை பெயர் கெடுகிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

“அவரு ஒயரிங்ல ஒரு குத்தமும் இல்ல,” என்றேன். “அன்னிக்குக் கரண்ட்ட நிறுத்துனது நான்.” பிரேக் பல்பு, திருகு, பத்து நாள், டேப், எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே கொட்டினேன்.

என் மனைவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

“சாமிக்காகவா?”

“சாமிக்காக இல்ல. நான் வச்ச வெளக்க மாப்ள அணைக்கக் கூடாதுன்னு.”

“ஊருல எந்த வண்டியப் பாத்தாலும் நான் கட்டுனது, நான் கட்டுனதுன்னு தொண்ட கிழிய கத்துவீங்களே. இதுக்கு மட்டும் வாய் எங்க போச்சு?” என்றாள். பிறகு வாங்க வந்தவரிடம், “வண்டி விக்கல தம்பி, காபி குடிச்சிட்டுப் போங்க,” என்றாள். என்னிடம், “மாப்ளய வரச்சொல்லுங்க. அவரு செக் பண்ணட்டும், நான் ஏறுறேன். நீங்க கை வைக்காதீங்க.”

மாப்பிள்ளை வந்தார். சாமி விளக்குக்குக் கூரையில் ஒரு குட்டி சோலார் தகடும் தனியாக ஒரு சின்ன பேட்டரியும் வைத்தார். “இது சாமிக்குத் தனிச் சட்டி மாமா,” என்றார். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பேட்டரி பழசாகிவிட்டது, அதுவும் ஒரு காரணம் என்று மறுபடியும் எனக்குத் தப்பிக்க இடம் கொடுக்கப் பார்த்தார்.

அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எனக்குச் சேர வேண்டிய பெயரை யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாதவன் நான். பட்டறையைச் சொல்லும்போது என்னைச் சொல்லுங்கள். பஸ்ஸையும் ரதத்தையும் சொல்லும்போதும் சொல்லுங்கள். இந்த வீட்டு வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தால், கடற்கரையில் அன்று அவள் மூச்சு திணறியதற்குக் காரணம் யார் என்று எவராவது கேட்டால், அந்த ஒயர் மாமனார் இழுத்தது என்று முதலில் சொல்லுங்கள். பேட்டரி பழசு என்று சொல்லாதீர்கள். என் பங்கை எனக்கே கொடுங்கள்.